டயாலிசிஸ் நோயாளியின் காலில் இரத்த ஓட்டம் குறைந்தால்: பலூனா, பைபாஸா, காலை எடுப்பதா?

அம்மாவின் இடது பெருவிரல் நுனியில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. நகம் வெட்டியபோது பட்டிருக்கும் என்று விட்டுவிட்டோம். வாரம் 3 முறை டயாலிசிஸ் நடக்கிற வீட்டில் கால்விரலைக் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) துடிப்பு இருக்கிறதா, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, பொட்டாசியம் எவ்வளவு என்பதிலேயே நாள் ஓடிவிடும். மூன்று வாரத்தில் அந்தப் புள்ளி விரலில் பாதியை மூடிவிட்டது. கணுக்காலில் இரத்த அழுத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி இன்னும் இரண்டு வாரம் இழந்தோம்.

அதற்கப்புறம் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒரு மருத்துவர் பலூன் வைக்கலாம் என்றார். இன்னொருவர் பைபாஸ் செய்தால்தான் நிலைக்கும் என்றார். மூன்றாமவர், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதே அவருக்கு நல்லது என்று மெதுவாகச் சொன்னார். மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பது எனக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின. நான் மருத்துவர் இல்லை. ஆனால் இன்று அதே இடத்தில் நிற்கிற குடும்பம், வாஸ்குலர் சர்ஜன் (இரத்தக் குழாய் அறுவை மருத்துவர்) முன்னால் சரியான கேள்விகளோடு உட்கார வேண்டும் என்பதற்காக, நான் படித்ததையும் கேட்டதையும் பார்த்ததையும் அருகருகே வைக்கிறேன்.

கணுக்கால் எண், கால்விரல் எண்

எந்த வழி என்று பேசுவதற்கு முன், பாதத்துக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்பது சரியாகத் தெரிய வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வழக்கமான சோதனை எளிது. கணுக்காலில் பட்டை கட்டி அழுத்தம் எடுத்து, அதைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுப்பார்கள். (ஃபிஸ்டுலா உள்ள கையில் எடுக்கக் கூடாது, மற்றக் கையில்தான் எடுக்க வேண்டும்.) விடை 1.0 முதல் 1.4 வரை இருந்தால் இயல்பு. 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் கால் தமனியில் அடைப்பு இருக்கிறது. மற்றவர்களுக்கு இது நம்பகமான சோதனை. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடம்பிலோ கால்சியமும் பாஸ்பரஸும் ஆண்டுக்கணக்கில் நிலைகுலைந்திருக்கும். அதனால் தமனிச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிகிறது. சர்க்கரை நோயும் சேர்ந்தால் இன்னும் அதிகம். அப்படிப் படிந்த தமனி விறைத்த குழாயாகிவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. அமுங்காத குழாயில் எடுத்த அழுத்தம் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

1.4-க்கு மேல் வந்தாலாவது ஏதோ சரியில்லை என்று மருத்துவர் உஷாராவார். அம்மாவுக்கு வந்தது 1.1. அடைப்பு எண்ணைக் கீழே இழுக்க, சுண்ணாம்பு மேலே தூக்க, இரண்டும் சேர்ந்து இயல்பான எண் போல நின்றுவிட்டது. யாரும் சந்தேகப்படவில்லை.

கால்விரல் தமனிகளில் சுண்ணாம்பு குறைவாகவே படியும். அதனால் பெருவிரலில் சிறிய பட்டை கட்டி எடுக்கும் அழுத்தம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். கையோடு ஒப்பிட்டு 0.7-க்குக் கீழே வந்தால் ஓட்டம் குறைவு. வெறும் அழுத்தமாகப் பார்த்தால், 60 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருக்கும்போது புண் ஆறும் என்று நம்பலாம். 30-க்குக் கீழே என்றால் ஓட்டத்தைச் சரிசெய்யாமல் ஆறுவது மிகக் கடினம். விரலே புண்ணாகிவிட்டால், தோலின் மேல் ஒட்டி ஆக்சிஜன் அளக்கும் சோதனை இருக்கிறது. அதிலும் 30 என்கிற எல்லையைத்தான் பார்ப்பார்கள். "கால்விரல் அழுத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த எண் இல்லாமல் கீழே வரும் எந்த ஒப்பீட்டையும் செய்ய முடியாது.

ஸ்கேன்களிலும் தேர்வு உண்டு. ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் வலியில்லாதது, மருந்து ஏற்றத் தேவையில்லை, முதலில் அதுதான். சி.டி. ஆஞ்சியோவில் இடுப்பும் தொடையும் நன்றாகத் தெரியும். முழங்காலுக்குக் கீழே, சுண்ணாம்பும் ஏற்றிய மருந்தும் இரண்டும் வெள்ளையாகத் தெரிவதால் குழாயின் உள்வழி திறந்திருக்கிறதா என்று சொல்வது கடினம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அடைப்பு பெரும்பாலும் அந்தக் கீழ்க் குழாய்களில்தான் என்பது இதிலுள்ள வருத்தம். எம்.ஆர்.ஐ.-யில் ஏற்றும் கடோலினியம் என்கிற சாய மருந்து பழைய வகையாக இருந்தால் தோல் இறுகும் கொடிய நோய் வரும் ஆபத்து உண்டு. புதிய வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு, எந்த வகை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் முடிவைத் தருவது தொடை வழியாகக் கம்பி விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான். சிறுநீர் அறவே போகாதவர்களுக்குச் சாய மருந்தால் சிறுநீரகத்துக்குப் புதிதாகக் கெட ஒன்றுமில்லை. நாளைக்கு ஒரு டம்ளராவது சிறுநீர் போகிறவராக இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கொஞ்சம் காப்பாற்றத்தக்கது. சாயத்துக்குப் பதில் கரியமில வாயு ஏற்றிப் படமெடுக்கும் முறையும் இருக்கிறது.

இது ஓட்டக் குறைவுதானா?

டயாலிசிஸ் நோயாளிக்குக் கால் வலிக்கக் காரணங்கள் பல. இயந்திரத்தில் இருக்கும்போது ஆடுசதை திடீரென்று முடிச்சுப் போட்டு இழுத்து, கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டால் அது தசைப்பிடிப்பு. அதிகத் தண்ணீர் வேகமாக எடுப்பதால் வருவது. இரவில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் அது அமைதியற்ற கால் என்கிற நரம்புக் கோளாறு. எரிச்சலும் மரத்துப்போதலும் இரண்டு காலிலும் சமமாக இருந்தால் நரம்புச் சிதைவு. தமனி அடைப்பின் வலி வேறு மாதிரி: படுத்தால் பாதத்தின் முன்பகுதியில் வலி ஏறும், காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறையும். இரவில் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார் என்றால் அது சோம்பலோ பிடிவாதமோ இல்லை. டயாலிசிஸின்போது இரத்த அழுத்தம் இறங்க இறங்கப் பாத வலி கூடினாலும் தமனியைச் சந்தேகிக்க வேண்டும்.

நடந்தால் ஆடுசதை வலிக்கும், நின்றால் போகும் என்று பாடநூல் சொல்லும் அடையாளம் இவர்களிடம் பலசமயம் வராது. அந்த அளவு தூரம் அவர்கள் நடப்பதே இல்லை. நரம்பு மரத்திருந்தால் வலியும் தெரியாது. அதனால்தான் பலருக்கு முதல் அறிகுறியே ஆறாத புண்ணாக வருகிறது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தொடையிலோ வயிற்றிலோ ஆடுசதையிலோ தோலில் ஊதா நிறத் திட்டு வந்து, தொட முடியாத அளவு வலித்தால், அது தோலின் சிறு நாளங்களில் சுண்ணாம்பு படியும் கால்சிஃபிலாக்ஸிஸ் ஆக இருக்கலாம். அதற்குப் பலூனும் பைபாஸும் வழி இல்லை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். உடனே நெஃப்ராலஜிஸ்டிடம் (சிறுநீரக மருத்துவரிடம்) காட்ட வேண்டும்.

மருந்தும் புண் பராமரிப்பும் மட்டும்

புண் இல்லை, படுத்தால் வலி இல்லை, ஓட்டம் மட்டும் கொஞ்சம் குறைவு என்றால் இதுதான் சரியான வழி என்பது என் கருத்து. எண் குறைந்திருக்கிறது என்பதற்காகவே பலூன் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. புகை பிடிக்கிறவராக இருந்தால் அதை நிறுத்துவதற்கு ஈடான மருந்து எதுவும் கிடையாது. நடக்க முடிகிறவர்கள் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கிற பயிற்சியால் உண்மையாகவே பலனடைகிறார்கள்.

மருந்துகளில் மற்றவர்களுக்குச் சொல்லும் பட்டியல் இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்க ஆஸ்பிரின் அல்லது க்ளோபிடோக்ரல் வழக்கமாகக் கொடுப்பார்கள்; ஆனால் சிறுநீரகம் போனவர்களின் தட்டணுக்கள் ஏற்கெனவே சரியாக வேலை செய்வதில்லை, இயந்திரத்தில் இரத்தம் உறையாமலிருக்க வாரம் 3 நாள் ஹெப்பரினும் ஏறுகிறது, இரத்தக்கசிவைக் கவனிக்க வேண்டும். நடைத் தூரத்தைக் கூட்டும் சிலோஸ்டசால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கூடாது. ஐரோப்பிய விதிப்படி சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களுக்கும் கூடாது. இரத்த உறைவைத் தடுக்கும் ரிவராக்ஸபன் குறைந்த அளவில் கால் தமனி நோயில் பலன் தருவதாக 2020-ல் வந்த பெரிய ஆய்வு, டயாலிசிஸ் நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் அப்படித்தான். 2005, 2009 ஆண்டுகளில் டயாலிசிஸ் நோயாளிகளிடமே நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தொடரலாம், டயாலிசிஸ் தொடங்கியபின் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை என்பது 2013-ல் வந்த சிறுநீரக வழிகாட்டுதல். கால் தமனி நோய் இருக்கும்போது இதை இதய மருத்துவரிடமும் கேட்டு முடிவு செய்வது நல்லது.

ஆனால் புண் வந்து, கால்விரல் அழுத்தம் 30-க்குக் கீழே இருக்கும்போது "கட்டுப் போட்டுப் பார்ப்போம்" என்பது சிகிச்சை ஆகாது. நாங்கள் இழந்த கடைசி இரண்டு வாரமும் அந்த வார்த்தையில்தான் போயிற்று. உயர்ந்த விலை டிரெஸ்ஸிங், களிம்பு எதுவும் இரத்தம் வராத இடத்தில் சதையை வளர்க்காது.

பலூன்

தொடையில் ஊசி போட்டு, மெல்லிய கம்பியை அடைப்பின் வழியே நுழைத்து, பலூனை ஊதி விரிப்பது. மயக்க மருந்து தேவையில்லை, இடத்தை மட்டும் மரக்க வைப்பார்கள். பெரிய வெட்டுக்காயம் இல்லை. இதயம் பலவீனமானவர்களும் தாங்குவார்கள். டயாலிசிஸ் நோயாளிகளில் இதயம் நன்றாக இருப்பவர்கள் குறைவு என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே பெரும்பாலானவர்களுக்கு முதல் தேர்வு பலூனாகிறது.

குறைகளும் சிறியவை இல்லை. சுண்ணாம்பு படிந்த குழாய் சரியாக விரியாது. விரித்தாலும் சில மாதங்களில் மறுபடி சுருங்குவது சகஜம். அதிர்வலையால் சுண்ணாம்பை உடைக்கும் பலூன், சுரண்டி எடுக்கும் கருவி என்று இப்போது பல இருக்கின்றன. அவை குழாயைத் திறக்க உதவலாம். திறந்த குழாய் எவ்வளவு நாள் திறந்திருக்கும் என்பது வேறு கேள்வி. பாதத்தின் உள்ளேயே சிறு நாளங்கள் அடைபட்டிருந்தால், மேலே எவ்வளவு அழகாகத் திறந்தாலும் விரலுக்கு இரத்தம் எட்டாது.

இதைக் குறையாகவே பார்க்கக் கூடாது என்று எனக்கு ஒரு மருத்துவர் புரியவைத்தார். ஆறிய விரலை ஆறிய நிலையில் வைத்திருக்கத் தேவைப்படும் இரத்தம் குறைவு. புண்ணை ஆற்றத் தேவைப்படும் இரத்தம் அதிகம். ஆகவே பலூன் சில மாதங்கள் திறந்திருந்து, அந்த இடைவெளியில் புண் ஆறிவிட்டால், பிறகு குழாய் சுருங்கினாலும் கால் பிழைத்துக்கொள்ளலாம். அந்த மாதங்களை வீணாக்காமல் புண் பராமரிப்பு, அழுத்தம் படாத செருப்பு, புரதச் சத்து, இரத்தச் சோகைக்கு மருந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடுக்க வேண்டும். ஆல்புமின் என்கிற இரத்தப் புரதம் மிகக் குறைந்தவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும். உணவியல் ஆலோசகரிடம் இதற்காகவே ஒரு நாள் பேசுவது பயன் தரும்.

டயாலிசிஸ் நாளையும் ஒத்திசைக்க வேண்டும். பலூன் முடிந்த அன்றே ஹெப்பரினோடு டயாலிசிஸ் ஓடினால் தொடை ஊசித் துளையில் இரத்தம் கசியலாம். முதல் நாளே டயாலிசிஸ் முடித்துக்கொண்டு வருவதும், அடுத்த முறை ஹெப்பரின் இல்லாமல் ஓட்டுவதும் வழக்கம். சாய மருந்தை வெளியேற்ற என்றே அவசர டயாலிசிஸ் தேவையில்லை. மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் வேறு விஷயம்.

பைபாஸ்

காலின் உள்பக்கம் ஓடும் நீளமான சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் தைத்து, இரத்தத்துக்குப் புது வழி போடுவது. நல்ல சிரை இருந்தால் இது பலூனைவிட அதிக நாள் நிலைக்கும், அதிக இரத்தம் கொண்டுவரும். பாதத்தில் பெரிய புண், சதை இழப்பு இருந்தால் அந்த அதிகப்படியான இரத்தம்தான் தேவைப்படும்.

டயாலிசிஸ் நோயாளிக்கு இங்கே சில தடைகள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கால் சிரை ஏற்கெனவே இதய பைபாஸுக்குப் போயிருக்கலாம். மாற்றாகப் பயன்படும் கைச் சிரைகள் ஃபிஸ்டுலாவுக்குச் செலவாகியிருக்கும், அல்லது நாளைய ஃபிஸ்டுலாவுக்காக வைத்திருக்க வேண்டியவை. செயற்கைக் குழாய் முழங்காலுக்குக் கீழே அதிக நாள் ஓடாது. கிருமி தொற்றினால் அது பெரும் ஆபத்து. தையல் போட வேண்டிய இடத்தில் தமனி சுண்ணாம்பாக இருந்தால் ஊசி இறங்குவதே சிரமம். நீண்ட வெட்டுக்காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்றும் சர்ஜன்கள் சொல்வதுண்டு: பைபாஸ் திறந்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காலை எடுக்க நேர்வது டயாலிசிஸ் நோயாளிகளிடம் அதிகம், குறிப்பாகக் குதிகாலில் பெரிய புண் இருந்தால்.

பலூனா பைபாஸா என்பதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் அண்மையில் வந்தன. இரண்டும் எதிரெதிரான விடையைச் சொல்வதால் குடும்பங்கள் குழம்புகின்றன, மருத்துவர்களும்தான். 2022-ல் வந்த பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில் நல்ல சிரை உள்ள 1,434 பேரில், காலுக்குப் பெரிய கேடோ மரணமோ நேர்ந்தது பைபாஸ் பிரிவில் 42.6 சதவீதம், பலூன் பிரிவில் 57.4 சதவீதம். நல்ல சிரை இல்லாதவர்களிடம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த ஆண்டே வந்த பேசில்-2 ஆய்வில், முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரில் கால் இழப்போ மரணமோ நேர்ந்தது பைபாஸ் பிரிவில் 63 சதவீதம், பலூன் பிரிவில் 53 சதவீதம். பலூன் பிரிவில் மரணம் குறைவாக இருந்ததே அந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம்.

இரண்டிலும் டயாலிசிஸ் நோயாளிகள் சிறுபான்மைதான் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் என் வாசிப்பில் இவை ஒரு வழி காட்டுகின்றன. அடைப்பு முழங்காலுக்குக் கீழே, உடல் பலவீனம் என்றால் பேசில்-2-ல் சேர்ந்தவர்களின் நிலைதான் நம் அம்மாவின் நிலைக்கு நெருக்கமானது. வயது அதிகமில்லை, இதயம் பரவாயில்லை, சிரை நன்றாக இருக்கிறது, மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறார் என்றால் பைபாஸைத் தள்ளிவிடக் கூடாது. 2019-ல் வந்த உலகளாவிய வழிகாட்டுதலும் இப்படித்தான் பிரிக்கிறது: அறுவையின்போது இறக்கும் ஆபத்து 5 சதவீதத்துக்குக் குறைவு, 2 ஆண்டுகள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேல் என்றால் பைபாஸைச் சிந்திக்கலாம். இந்த இரண்டு எண்களையும் உங்கள் நோயாளிக்கு எப்படி மதிப்பிடுகிறார் என்று சர்ஜனிடம் நேரடியாகக் கேட்கலாம். கேட்கச் சங்கடமாக இருக்கும். எனக்கும் நா எழவில்லை, அம்மாவே கேட்டுவிட்டார்.

மாற்றுச் சிறுநீரகத்தை இடுப்புத் தமனியோடுதான் இணைப்பார்கள். ஆகவே அந்த வரிசையில் இருப்பவர்களுக்கு இடுப்புத் தமனியில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைப்பதற்கு முன் மாற்று அறுவைக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

பலூனும் முடியாது, பைபாஸும் முடியாது என்றானவர்களுக்குப் பாதத்தின் சிரை வழியாகவே தமனி இரத்தத்தைத் திருப்பிவிடும் ஒரு முறை 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில இடங்களில் மட்டும் கிடைக்கிறது. கேட்டுப் பார்க்கலாம்.

காலை எடுப்பது

இந்தப் பேச்சு வந்ததும் வீட்டில் எல்லோரும் எழுந்து வெளியே போய்விட்டோம். இப்போது நினைத்தால், அப்போதே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

விரலை எடுப்பதும் காலை எடுப்பதும் ஒன்றில்லை. இரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாமல் விரலை மட்டும் எடுத்தால், வெட்டிய இடம் ஆறாமல் கறுத்து, மறுபடி மேலே, மறுபடி மேலே என்று போகும். எனவே வரிசை முக்கியம். சீழ் கட்டியிருந்தால், காய்ச்சல் இருந்தால், முதலில் சீழை வெளியேற்ற வேண்டும். அது சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை. அப்புறம் இரத்த ஓட்டம். அப்புறம்தான் விரல். சீழ் இல்லாமல் காய்ந்து கறுத்த விரலை அவசரமாக எடுக்க வேண்டியதே இல்லை. காய்ந்த நிலையில் வைத்திருந்து, ஓட்டத்தைச் சரிசெய்து, எல்லை தெளிவான பிறகு எடுக்கலாம்.

பாதம் முழுக்கக் கெட்டுவிட்டது, குதிகால் எலும்புவரை புண், படுக்கையிலேயே இருக்கிறார், வலி தாங்க முடியவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுப்பது தோல்வி ஆகாது. பலூன் மூன்று முறை, டிரெஸ்ஸிங் ஆறு மாதம், நடுவில் நான்கு முறை ஆஸ்பத்திரி வாசம், அதன் பிறகும் கால் போவது என்கிற பாதையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே அறுவை, வலி தீர்வது, ஆறிய பிறகு செயற்கைக் கால். முழங்கால் மிஞ்சினால் செயற்கைக் காலோடு நடப்பது எவ்வளவோ எளிது. முழங்காலுக்கு மேலே போய்விட்டால் டயாலிசிஸ் நோயாளிகளில் நடப்பவர்கள் குறைவு. அதனால்தான் தள்ளிப்போட்டு முழங்காலையும் இழப்பதைப் பற்றி எனக்குக் கவலை.

கணக்கையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றி 1999-ல் வந்த ஓர் ஆய்வில், முதல் முறை காலின் ஒரு பகுதி எடுக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 2 ஆண்டுகளுக்குள் இறந்திருந்தார்கள். அறுவையின் ஆபத்தும் உண்டு. ஆனால் கால் கெடுகிற அளவுக்கு வந்த தமனி நோய் இதயத்திலும் மூளையிலும் அதே அளவு வந்திருக்கும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், மிச்சமுள்ள காலத்தை எங்கே கழிக்கப்போகிறார், வீட்டிலா வார்டிலா என்பதையும் எடையில் வைக்க வேண்டும்.

எடுத்த பிறகு பலரும் தவறவிடும் ஒன்று: டிரை வெயிட், அதாவது அதிகத் தண்ணீர் எல்லாம் எடுத்த பின் இருக்க வேண்டிய இலக்கு எடை. பாதம் மட்டும் உடல் எடையில் ஏறக்குறைய 1.5 சதவீதம், முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு சேர்த்து ஏறக்குறைய 6 சதவீதம். 60 கிலோ உள்ளவருக்கு அது 3.5 கிலோ வரை வரும். பழைய எடையையே இலக்காக வைத்து இயந்திரத்தை ஓட்டினால், போன காலின் எடைக்கு ஈடாக அவ்வளவு தண்ணீர் உடம்பிலேயே தங்கி மூச்சுத் திணறும். அறுவைக்குப் பிறகு வரும் முதல் டயாலிசிஸிலேயே இலக்கை மாற்றச் சொல்லுங்கள்.

அறுவை எதுவும் வேண்டாம் என்றால்

இதுவும் ஒரு தேர்வு, கைவிடுவதாகாது. மிகவும் தளர்ந்தவர், நினைவு தடுமாறுபவர், போதும் என்று தெளிவாகச் சொல்பவர் இருக்கிறார்கள். அப்போது இலக்கு வலி குறைவும் நாற்றமில்லாமல் காய்ந்த புண்ணும்தான். வலி மருந்தில் கவனம் வேண்டும்: மார்ஃபின் உடம்பில் உடைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாகப் போக வேண்டியவை, டயாலிசிஸ் நோயாளியிடம் தேங்கி மயக்கத்தைத் தரும். ஃபென்டனில், ப்யூப்ரனார்ஃபின் பட்டைகள் அதைவிடப் பாதுகாப்பானவை. நரம்பு வலிக்குக் காபாபென்டின் கொடுத்தால் மிகக் குறைந்த அளவில், டயாலிசிஸுக்குப் பிறகு. வலி நிவாரணக் குழுவைக் கடைசி வாரத்துக்காக வைத்திருக்காமல் முதலிலேயே அழைக்கலாம். பலூன் வைத்துக்கொள்கிறவர்களுக்கும் அவர்கள் தேவை.

எந்த வழியானாலும், டயாலிசிஸ் நாற்காலியில்

வாரத்தில் 12 மணி நேரம் ஓடும் டயாலிசிஸே காலுக்கு ஒரு சோதனை. தண்ணீர் எடுக்க எடுக்கப் பாதத்தின் தோலில் ஆக்சிஜன் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். முடிந்த பிறகும் அது மெதுவாகத்தான் மீள்கிறது. அழுத்தம் விழுந்தால் போட்ட பைபாஸ் உறையக்கூடும். எனவே புண் ஆறும் மாதங்களில் தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். மணிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 13 மி.லி. என்பது பலரும் பார்க்கும் எல்லை. 60 கிலோ உள்ளவருக்கு 4 மணி நேரத்தில் ஏறக்குறைய 3.1 லிட்டர். அதற்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் அரை மணி நேரம் கூட்டி ஓட்டலாம், ஒரு நாள் கூடுதலாகவும் வரலாம். இடையில் எடை ஏறாமல் பார்ப்பது நம் பங்கு.

குதிகால் 4 மணி நேரம் நாற்காலி விளிம்பில் அழுந்துவது புதுப் புண்ணுக்குப் போதும். ஆடுசதைக்கடியில் தலையணை வைத்தால் குதிகால் காற்றில் நிற்கும். குளிர்கிறது என்று சுடுநீர்ப் பை வைக்க வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம்தான் தெரியும். வீக்கம் குறைய இறுக்கமான காலுறை போடச் சொன்னால், கால்விரல் அழுத்தம் பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். ஜப்பானில் டயாலிசிஸ் மையங்கள் நோயாளிகளின் கால் ஓட்டத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புவதற்கென்றே 2016 முதல் தனிக் கட்டணம் கொடுக்கிறார்கள். உங்கள் மையத்தில் அப்படி ஏற்பாடு இல்லையென்றால், மாதம் ஒரு முறை காலுறையைக் கழற்றி நர்ஸிடம் காட்டுங்கள். வீட்டில் தினமும், விரல் இடுக்குவரை.

அம்மாவுக்குப் பலூன்தான் வைத்தோம். ஆடுசதையில் இரண்டு குழாய்கள் திறந்தன. கால்விரல் அழுத்தம் 22-லிருந்து 48 ஆயிற்று. பத்து நாள் கழித்துப் பெருவிரலை எடுத்தார்கள். நான்காம் மாதம் குழாய் மறுபடி சுருங்கி இரண்டாவது பலூன். ஏழாம் மாதத்தில் வெட்டிய இடம் முழுதாக மூடியது. வலது கால்விரல்களை இப்போது அம்மாவே கைக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்கிறார். பார்த்து முடித்ததும் சத்தமாக "ஒன்றுமில்லை" என்று எனக்குச் சொல்வார்.